ஒரு கால் குறைச்சல்

யாருக்கும் ஒண்ணும் ஆகல. அம்மா தாயே, யாருக்கும் ஒண்ணும் ஆகல. பஸ்ஸை விட்டு எறங்கி, முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, ஓட்டமும் நடையுமா வந்து ஆத்தங்கரை மேட்டுல ஏறி நின்னு பாத்தேன். அழுகைச் சத்தம் இல்ல, ஆம்புலன்ஸ் இல்ல, ஒரே எடத்துல குமிஞ்சு நிக்கிற கூட்டம் இல்ல. பொம்பளைங்க படித்துறையில வாழையிலையைப் போட்டு மஞ்சள்ல பிள்ளையார் புடிச்சு வச்சிருக்காங்க, காதோலை கருகமணியைத் தண்ணியில விடறாங்க, புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணுங்க தாலிக் கயித்தை மாத்திக்கிறாங்க, புளிசாதம் வாசனை மேடு வரைக்கும் வருது. ஆடிப்பெருக்குன்னா எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. காலையில ஆறே முக்காலுக்கு நின்ன மூச்சு, ஒம்போது பத்துக்கு வந்துச்சு. போர்டுக்குக் கீழ இந்த ஈர மணல்லயே பொத்துன்னு உக்காந்துட்டேன். புடவை பாழாப் போனாப் போகட்டும். பக்கத்துல ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கெடந்துச்சு, யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்கன்னு கொஞ்சம் தள்ளி உக்காந்தேன். நிமிந்து பாத்தா தலைக்கு மேல என் பேரு நிக்குது. ரெண்டடி உயரத்துல, ரத்தச் செவப்புல, வெள்ளை ஃப்ளெக்ஸ்ல: அபயம். கீழ சின்னதா நல்லம்படுகை ஊராட்சி. நடுவுல ஒரு அம்புக்குறி, நேரா தண்ணியைக் காட்டுது. மணலை அள்ளி அள்ளி ரெண்டாள் ஆழத்துக்குப் பறிச்சுப் போட்ட குழியைக் காட்டுது. மேலாக்கப் பாத்தா தண்ணி அசையாம சாதுவா இருக்கு, பாத்தா யாருக்கும் எறங்கணும்னுதான் தோணும். அபாயம்னு இருக்கணும். ப-ங்கற எழுத்துக்குக் கால் போடாம விட்டுட்டேன். நான்தான் விட்டேன், வேற யாரு.

எப்படி விட்டேன்னு இப்ப நெனச்சாலும் என் கன்னத்துல நானே ரெண்டு போடலாம் போல இருக்கு. ஊராட்சித் தலைவர் போன வாரம் கடைக்கு வந்து, "ஒரே வார்த்தை போதும்மா, பெருசா இருக்கணும். குளிக்காதீர், எச்சரிக்கைன்னு கதை எழுதினா எவன் நின்னு படிக்கிறான், அபாயம்னு மட்டும் போடுங்க, எதுத்த கரையில நிக்கிறவனுக்கும் தெரியணும்"னு சொன்னாரு. நல்ல யோசனைன்னு தலையாட்டினேன். என் பேரு அபயாம்பாள். எல்லாருக்கும் அபயம். பதினொரு வருஷமா அந்த ஃப்ளெக்ஸ் கடையில நான் டிசைன் பண்ற ஒவ்வொரு ஃபைலுக்கும் அபயம்னு என் பேரைப் போட்டு நம்பர் போட்டுத்தான் சேத்து வைக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவா இருந்தாலும் அபயம். இப்பல்லாம் அ, ப ரெண்டு எழுத்தை அடிச்சாப் போதும், மீதியைக் கம்ப்யூட்டரே போட்டுக் குடுத்துடுது. அன்னிக்கும் போட்டுக் குடுத்துருக்கு. நான் பாத்தேன். சத்தியமாப் பாத்தேன். பாத்து அபாயம்னே படிச்சேன். கலியபெருமாள் அண்ணன் பிரிண்ட் எடுத்தாரு, அவரும் படிச்சாரு. தலைவர் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனாரு. இன்னிக்கு விடிகாலையில அவரு போர்டுக்கு மாலையைப் போட்டுப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து, பாதுகாப்பு ஏற்பாடுகள் தயார்னு வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வச்சிருக்காரு. ஆறே முக்காலுக்குக் காப்பியைக் கையில வச்சிக்கிட்டுப் பாக்கறேன், என் பேரு ஆத்தங்கரையில மாலை போட்டுக்கிட்டு நிக்குது. காப்பி சேலையில கொட்டினதுகூடத் தெரியல. அண்ணனுக்குப் போன் போட்டு, "அண்ணே, பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாதீங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பாயம்னு மூணெழுத்து ஸ்டிக்கர் வெட்டி எடுத்துட்டு வாங்க, வெறும் கால் மட்டும் ஒட்ட அங்க எடமில்ல"ன்னேன். பாய்னா எங்க முதலாளி சம்சுதீன் பாய். அண்ணன் சிரிக்கல, திட்டல, "கடையத் தொறந்து வெட்டணும்ல, பத்தேகாலுக்கு வந்துருவேன், நீ முன்னாடி போயி நில்லு"ன்னாரு. அதான் நிக்கிறேன். உக்காந்திருக்கேன். இந்தப் பக்கம் யாரு வந்தாலும் "அந்தாண்ட போங்க, இங்க குழி"ன்னு வெரட்டறேன். அதுலயும் ஒரு கூத்து. இப்பத்தான் ஒருத்தர் கொழந்தையை இடுப்புல வச்சிக்கிட்டு வந்தாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, "அதோ பாரு கண்ணு, அபாயம்னு போட்டிருக்கு, போகக்கூடாது"ன்னு சொல்லித் திரும்பிப் போறாரு. அவருக்குப் பின்னாடி வந்த காலேஜுப் பசங்களும் அப்படியே. எல்லாரும் கால் போட்டுத்தான் படிக்கிறாங்க. நான் காலையில இருந்து செத்துப் பொழைச்ச மாதிரி ஓடி வந்திருக்கேன், உலகம் பாட்டுக்கு என் தப்பைத் திருத்திப் படிச்சிக்கிட்டு இருக்கு. சிரிப்பு வந்துருச்சு, தனியா உக்காந்து சிரிச்சேன்.

அபயம்னா பயம் இல்லாம இருக்கறதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. முன்னாடி ஒரு அ போட்டா பயம் ஓடிப் போயிடுமாம். அப்படின்னா கூத்துல தோத்த ராசா கிரீடத்தைக் கழட்டிட்டு அபயம் அபயம்னு ஏன் கால்ல விழறான், அவனுக்குத்தானே எல்லாரையும் விட அதிகமா பயம்? சின்ன வயசுல இருந்து எனக்கு அது கொழப்பம்தான். பயமே இல்லாத ஒரு ஆளு பயம் இல்லைன்னு எப்பவாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா, அவங்களுக்கு அந்த வார்த்தை எதுக்கு? ஊசி போடறதுக்கு முன்னாடிதான் டாக்டரு பயப்படாதீங்கங்கறாரு. பிரசவ வார்டுக்குள்ள தள்ளிட்டுப் போறப்பத்தான் தைரியமா இரும்மாங்கறாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சொன்னாலே எனக்கு என்னமோ ஆகப் போகுதுன்னு தோணிடும். எனக்குப் பல்லின்னா பயம், பேங்க்ல ஃபாரம் நிரப்பறதுன்னா பயம், பாய் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பயம், வீட்டுக்காரரு அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா லாரிங்கதான் கண்ணு முன்னாடி ஓடும். "நல்லாத்தான் வச்சாங்க பேரு, அபயம்னு, உங்கப்பாவுக்குக் குசும்பு"ன்னு அவரு சிரிப்பாரு. எனக்கு ஒம்போது வயசுல எங்க சித்தப்பா ஒருத்தரு, இந்தப் புள்ளைக்குப் பயம் தெளியணும்னு சொல்லி இதே காவிரியில, இங்க இல்ல, எங்க ஊருத் துறையில, தூக்கி வீசிட்டாரு. மூக்குல வாயில தண்ணி. பச்சையா ஒரு வெளிச்சம். காதுக்குள்ள ங்ஙொய்னு ஒரு சத்தம், அதுக்கு மேல யாரோ சிரிக்கிற சத்தம். ரெண்டு நிமிஷத்துல தூக்கிட்டாங்க. ஆனா பயம் தெளியல, ஊறிப் போயிடுச்சு. இந்த நாப்பத்தி நாலு வயசு வரைக்கும் மூணாவது படிக்குக் கீழ நான் கால் வச்சதில்ல. அப்பேர்ப்பட்டவ இன்னிக்கு ரெண்டாள் ஆழக் குழிக்குப் பத்தடி தள்ளி உக்காந்து காவல் காக்கறேன், அதை யாருகிட்டப் போயி சொல்ல. சரி விடு. யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல. காத்து நல்லா வருது. சாயந்தரம் போயி ஒரு கொழம்பு வச்சாப் போதும்.

இந்தச் செருப்பு. மணி ஒம்போதே முக்கால் ஆயிடுச்சே, இன்னும் யாரும் வந்து எடுக்கலையே. குளிக்கிறவங்க படித்துறைப் பக்கம்ல செருப்பை விடுவாங்க, இங்க வந்து, இந்தப் போர்டு காலடியில, ஒழுங்கா சோடி சேத்து, மூக்கு தண்ணியைப் பாத்து இருக்கற மாதிரி யாரு விடுவா? பாக்காத அபயம், அந்தப் பக்கம் பாக்காத. ஆம்பளைச் செருப்பு, ஒம்போதாம் நம்பர் இருக்கும். நீல வாரு. இடது குதி தேஞ்சு தகடு மாதிரி ஆயிருக்கு, அப்படின்னா இடது பக்கம் சாஞ்சு நடக்கற ஆளு. வலது வாருல ஊக்கு குத்தியிருக்கு. ஒரு ஊக்குல இன்னும் நாலு மாசம் ஓட்டிடலாம்னு நெனக்கிற ஆளு. சிக்கனம். வீட்டுல பொண்டாட்டி ஊக்கு குடுத்திருப்பா. வெளியூரு. உள்ளூராளுக்குக் குழி இருக்கறது தெரியும், வெளியூராளுக்குத்தான் போர்டு. வெளியூராளு, எழுத்தை அப்படியே படிக்கிற ஆளு, அபயம்னு போட்டிருக்கு, அம்புக்குறி வேற காட்டுது, பத்திரமான எடம் போல இருக்குன்னு… சீ. வாயைக் கழுவு. மனசைக் கழுவு. இவ்வளவு கூட்டத்துல ஒருத்தன் எறங்கினா யாரும் பாக்க மாட்டாங்களா? பாக்க மாட்டாங்க. ரேடியோ செட்டுல சாமி பாட்டு அலறுது, எல்லாரும் இலையைப் பாத்துக் குனிஞ்சிருக்காங்க. முழுகறவன் கத்த மாட்டான், எனக்குத் தெரியும், கத்தறதுக்கு வாய் இருக்காது, அது பூராத் தண்ணி. எதுக்கு இப்ப எந்திரிச்சேன்? எதுக்கு மணலைப் பாக்கறேன்? செருப்புல இருந்து கால் தடம் கெளம்புது. வெறுங்கால், அஞ்சு வெரலும் பதிஞ்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு… எட்டு அடி. தண்ணிக்குள்ள போகுது. திரும்பற தடம் இல்ல. இந்தப் பக்கம் பாத்தேன், அந்தப் பக்கம் பாத்தேன், குனிஞ்சு பாத்தேன். நான் இங்க வந்து குந்தினதுல அழிஞ்சு போச்சா, இல்லையே, நான் மேட்டுப் பக்கமால்ல வந்தேன். தண்ணி அப்படியே இருக்கு. ஒரு கொமிழி இல்ல. கால் இல்லாத வார்த்தைக்குக் கீழ கால் இல்லாத செருப்பு.

கேட்டுட வேண்டியதுதானே. இந்தச் செருப்பு யாருதுன்னு ஒரு சத்தம் போட்டா முடிஞ்சு போச்சு. போடு. போடேன். போட மாட்டேங்கறேன். ஏன்னா கேட்டா பதில் வரும். எங்க வீட்டுக்காரருதுன்னு ஒரு பொம்பளை எந்திரிப்பா, அவரு எங்க எங்கன்னு தேடுவா, அப்புறம் எல்லாரும் போர்டைப் பாப்பாங்க, அப்பத்தான் நெசமாவே படிப்பாங்க. கேக்காத வரைக்கும் அவன் எங்கியோ டீ குடிச்சிக்கிட்டு இருக்கான். கேட்ட நிமிஷத்துல செத்துடுவான். அதனால கேக்காத. பத்தேகாலுக்கு அண்ணன் வந்துடுவாரு, ஸ்டிக்கரை ஒட்டிட்டு, செருப்பைப் பாக்காம பஸ் ஏறிப் போயிடலாம். அட பாவி. அட சண்டாளி. அவன் உள்ள இருந்தா? இன்னும் ஒரு மூச்சு பாக்கி இருந்தா? என்னைத் தூக்கினாங்களே, ரெண்டு நிமிஷத்துல தூக்கினாங்களே, யாரோ ஒருத்தரு புள்ளை எங்கன்னு கேட்டதாலதானே தூக்கினாங்க. மணி பத்து ஆகப் போகுது. ஒம்போது பத்துக்கு முன்னாடியே கெடக்கு இது. இனிமே என்ன ரெண்டு நிமிஷம். இருந்தாலும் கேக்கணும். கேட்டுத்தான் ஆகணும். நான் எப்ப செருப்பைக் கையில எடுத்தேன்னு தெரியல, ரெண்டையும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு, "இந்தச் செருப்பு யாருது? இது யாரு செருப்பு?"ன்னு கத்தறேன். அது என் கொரலே இல்ல. படித்துறையில எல்லாத் தலையும் திரும்புது. பந்தல்ல நிக்கிற தலைவர் திரும்பறாரு. ரேடியோ செட்டுக்காரரு பாட்டைக் கொறைக்கிறாரு. யாரும் எந்திரிக்கல. யாரும் எந்திரிக்கல. அப்புறம் அரசமரத்துக்கு அந்தாண்ட இருந்து, "என்னுதுதான்… ஏன், அங்க விடக்கூடாதா?"ன்னு ஒரு பொம்பளைக் கொரலு.

பொம்பளை! அம்பத்தஞ்சு, அம்பத்தெட்டு வயசிருக்கும், ஈரம் சொட்டற பாவாடைக் கரையைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு, இடது பக்கம் லேசா சாஞ்சு சாஞ்சு வருது. எனக்கு அழுகை வந்துடுச்சு. அழுதுக்கிட்டே சிரிக்கிறேன், லூசு மாதிரி. உயிரோட வருது, மூச்சு வாங்கிக்கிட்டு, மூக்குத்தி போட்டுக்கிட்டு, திட்டுவாங்களோன்னு முழிச்சிக்கிட்டு வருது. அந்த அம்மாவைக் கட்டிப் புடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. "ஆம்பளைச் செருப்பு மாதிரி இருக்கேம்மா"ன்னு கேட்டேன், வேற எதைக் கேக்கறதுன்னு தெரியாம. "எம்மவனுது, எனக்கு அறுந்துபோச்சு, ஆறு மாசமா அவனுதத்தான் மாட்டிக்கிட்டுத் திரியறன்"னுச்சு. பேரு கொளஞ்சியம்மாவாம், விருத்தாசலத்துப் பக்கம், மருமவ ஊருன்னு பதினெட்டாம் பெருக்குக்கு வந்திருக்காங்க. "இங்க எறங்கினீங்களா?"ன்னேன். "எறங்கினன், மொழங்கால் மட்டும். பெறகு மஞ்சளை மறந்துட்டமேன்னு தண்ணியோரமாவே நடந்து அந்தாண்ட ஏறிட்டன்." மொழங்கால். இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தா குழி. மஞ்சளே, நீ நல்லா இருக்கணும். வாழ்க்கை பூரா உன்னைப் பூசிக் குளிக்கிறேன். "பெறகு ஏம்மா செருப்பெடுக்க வரல, ஒரு மணி நேரமாக் கெடக்கே?" அந்தம்மா மொகம் சின்னதாயிடுச்சு. சுத்தியும் பாத்துட்டு என்கிட்ட நெருங்கி மெதுவாச் சொல்லுது: "வெக்கமாப் போச்சும்மா. எங்க ஊருல பெரியவங்களுக்குப் படிப்பு சொல்லித் தராங்க. ரெண்டு வருசமாப் போறன். எழுத்துக்கூட்டிப் படிப்பன். இதுல பாத்தா அ, ப, ய, ம்னு இருந்துச்சு. அபயம். நல்ல வார்த்தையாச்சே, ஆத்தா காப்பாத்தற எடம் போலன்னு எறங்கினன். மஞ்சள் எடுக்கப் போனா எம்மவன் திட்டறான், அது அபாயம், உனக்கு எழுத்தே தெரியல, ரெண்டு வருசமா என்னத்தைப் படிச்சன்னு. மருமவ சிரிக்கிறா, சம்பந்தி வூட்டுக்காரங்க அத்தனை பேரும் சிரிக்கிறாங்க. எனக்குத்தான் கண்ணு தப்பா, இல்ல அவங்க சொல்லித் தந்ததே தப்பா, ஒண்ணும் புரியல. அந்தப் போர்டுகிட்ட வரவே கூச்சமா இருந்துச்சு. இனிமே அந்தப் படிப்புக்குப் போவப் போறதில்ல." என் மொகத்தைப் பாத்துக் கேக்குது. "நீ படிச்சவளாட்டம் இருக்க. நீ சொல்லு. அது என்னா போட்டிருக்கு?"

அபாயம்னு சொல்லிட்டாப் போச்சு. அவ்வளவுதான். அஞ்சு நிமிஷத்துல அண்ணன் வந்துருவாரு, ஸ்டிக்கர் ஏறிடும், தலைவருக்குத் தெரியாது, பாய்க்குத் தெரியாது, ஊருல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. ஆமாம்மா அபாயம்தான், கால் உங்க கண்ணுக்குத் தெரியலன்னு சொல்லிட்டா என் பொழப்பு தப்பிக்கும். நாக்கு நுனியில அபான்னு வந்துகூட நின்னுச்சு. தலைவர் வேற பந்தல்ல இருந்து என்ன சத்தம்னு இந்தப் பக்கமா நடந்து வராரு. கொளஞ்சியம்மா கண்ணை எடுக்காம என்னையே பாக்குது, தேர்வு எழுதிட்டு வாத்தியாரைப் பாக்கற மாதிரி. இருநூறு பேரு இந்தப் போர்டைப் பாத்தாங்க. அடிச்ச நான் பாத்தேன், பிரிண்ட் போட்ட அண்ணன் பாத்தாரு, கையெழுத்துப் போட்டவரு பாத்தாரு, மாலை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. அதுல என்ன இருக்கோ அதைப் படிச்சது இந்த ஒரு அம்மா. அவங்களைப் போயி தப்புன்னு சொல்லவா? "அபயம்னுதாம்மா போட்டிருக்கு"ன்னேன். சத்தமாத்தான் வந்துச்சு. "நீங்க படிச்சதுதான் சரி. அபாயம்னு போடணும், இங்க பெரிய குழி இருக்கு. காலை விட்டுட்டுத் தப்பா அடிச்சவ நான்தான். என் பேருதான் அபயம்." தலைவர் நாலடி தள்ளி நின்னுட்டாரு. அண்ணாந்து போர்டைப் பாத்து, வாயை அசைச்சு அசைச்சு ஒவ்வொரு எழுத்தாப் படிக்கிறாரு, இப்பத்தான் மொதத் தடவையாப் படிக்கிறாரு. மேட்டு மேல கலியபெருமாள் அண்ணன் கடை ஸ்டூலைத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கறது தெரியுது. என்ன ஆகும், பாய் என்ன சொல்லுவாரு, வேலை இருக்குமா, பயம் வரட்டும்னு காத்துக்கிட்டு நிக்கிறேன். வரல. கொளஞ்சியம்மா என் கையில இருந்த செருப்பைக்கூட வாங்கல. அரசமரத்தைப் பாத்துத் திரும்பி, ரெண்டு கையையும் வாய்க்குப் பக்கத்துல குவிச்சு வச்சிக்கிட்டு, ஆத்தங்கரை பூராக் கேக்கக் கத்துது: "டேய் வேலவா! நான் படிச்சதுதான்டா சரி! இங்க வந்து நீ படிடா!"